பன்னெண்டு நூல் பீரங்கி

‘தெரியாது’ என்பது நாலே நாலு எழுத்து. இருபத்தேழு வயதில் அந்த நாலும் என் வாயில் வராது. பதிலாக என்னிடம் ஒரு தலையாட்டல் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் ஆழ்ந்து யோசிப்பவன்போல் மோவாயைத் தடவிக்கொண்டு, மெதுவாக இரண்டு முறை தலையை ஆட்டுவேன். (அதைப் பார்த்து ஏமாந்தவர்களில் முதல் ஆள் நான்தான்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தொம்மலூரில் அம்மாவோடு இருந்தேன். ஒரு ரெடிமேட் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க் உத்தியோகம். கப்பல், பெயரில் மட்டும்தான். சட்டை அடைத்த அட்டைப்பெட்டிகள் மேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து, கறுப்பு மையால் வெளிநாட்டு விலாசம் அடிப்பேன். பெட்டிகள் லாரி ஏறித் துறைமுகத்துக்குப் போகும். நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். கப்பலை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். கடலை அதுகூட இல்லை. அந்தக் காலண்டரில் கப்பலுக்குக் கீழே தேதி வந்துவிட்டது.

அப்போது ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் லில்லி, ஒரு நர்சிங் ஹோமில் ரிசப்ஷனில் இருந்தாள். அவள் அப்பா அருளப்பன் ஒரு ஃபேக்டரியில் மர மாதிரிகள் செய்து ரிட்டையர் ஆனவர். இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன்னால் அதே பொருளை மரத்தில் அச்சுப் பிசகாமல் செய்து கொடுப்பார்களே, அந்த வேலை. முப்பது வருஷம் மயிரிழை பிசகாமல் வாழ்ந்த மனுஷர். அவரிடம் போய் என் அத்தை, “பையன் ஷிப்பிங்ல இருக்கான்” என்று சொல்லிவைத்திருக்கிறாள். கிளார்க் என்ற சொல்லை, கல்யாணப் பேச்சில் எல்லாரும் விழுங்குவதுபோல, விழுங்கிவிட்டாள்.

பெண் பார்க்கப் போன அன்று அருளப்பன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஷிப்பிங்கா, தம்பி?”

ஆட்டினேன்.

“அப்போ டெக்கு, மாஸ்ட்டு, நங்கூரம் எல்லாம் அத்துப்படின்னு சொல்லுங்க.”

மோவாயைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து லில்லி காபித் தட்டோடு வந்து நின்றாள். வழக்கமாக இரண்டு முறை ஆடும் தலை அன்று ஐந்து முறை ஆடியது.

அவ்வளவுதான். மனுஷர் என் கையைப் பிடித்துப் பின்னறைக்கு அழைத்துப்போய் ஒரு மேஜைமேல் கிடந்த பெட்ஷீட்டை விலக்கினார். உள்ளே ஒரு கப்பல். மூன்றடி நீளம், மூன்று பாய்மரம், சிலந்தி வலை மாதிரி கயிறுகள். கடையில் வாங்கிய துண்டு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பலகையையும் அவரே தேக்கில் இழைத்து, வளைத்து, ஒட்டி, நாலு வருஷம் செய்திருந்தார். கப்பலின் மேல்தளம் மட்டும் மொட்டை மாடியாகக் காலியாக இருந்தது.

“டெக்கு மேல வர்ற சாமானுங்கதான் பாக்கி” என்றார். “கண்ணுல புரை விழுந்துடுச்சு தம்பி. ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. பொடி வேலை கைக்கு வரல. மாதா திருவிழாவுல கோயில் ஹால்ல வைக்கிறேன்னு ஃபாதர் கிட்ட வாக்கு குடுத்துட்டேன். நீங்க செஞ்சு குடுத்துடுங்க. திருவிழா முடிஞ்சதும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாத்துடலாம்.”

‘முடிஞ்சதும்’ என்ற அந்தச் சொல்லில் என் வாழ்க்கை தொங்கியது. கப்பலைப் பார்த்த இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் நான் கதவோரம் நின்ற லில்லியைத்தான் பார்த்தேன். மீதி அரை நிமிடத்தில் கப்பல் பெரியது என்று மட்டும் மனசில் பதிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் அது இன்னும் பெரிதாகிவிட்டது.

கிளம்பும்போது ஒரு பட்டியல் கொடுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

பீரங்கி 8 – 12 நூல்
நங்கூரம் 2 – 10 நூல்
சுக்கான் சக்கரம் 1 – 8 நூல்
படகு 2 – 16 நூல்
பீப்பாய் 6 – 5 நூல்
நங்கூர உருளை 1 – 7 நூல்
கயிறு மாட்டும் முளை 40 – 3 நூல்

வீட்டில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். நீளம், அகலம், உயரம் எதுவும் இல்லை. ஆக, அளவை என் அனுபவத்துக்கே விட்டுவிட்டார், பெரிய மனசு என்று நெகிழ்ந்தேன். நூல்தான் கொஞ்சம் இடித்தது. ஒரு ரூபாய்க் காயின் போட்டு லில்லிக்குப் போன் செய்தேன்.

“லில்லி, உங்கப்பா லிஸ்ட்ல எல்லாத்துக்கும் நூல் நூல்னு போட்டிருக்காரே, எந்த நூல்?”

“அம்மாவோட தையல் நூலாத்தான் இருக்கும். கப்பல்ல கயிறெல்லாம் அப்பா அதுலதான் திரிச்சாரு.”

“பன்னெண்டு நூல்னா?”

“பன்னெண்டு சுத்துங்கறாரு போல.”

“ஸ்வல்ப அவர்கிட்டயே கேட்டுச் சொல்றியா?”

“ஐயோ, வேணாங்க. ஷிப்பிங்ல இருந்துட்டு இதுகூடத் தெரியலையான்னு நினைப்பாரு. என்ன கலர் வேணும், அதைச் சொல்லுங்க.”

“சிவப்பு இருக்கா?” என்று கேட்டேன். (கறுப்பு என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.)

மூன்று வாரம் உழைத்தேன். ஆபீசில் மை தீர்ந்த பெரிய மார்க்கர் பேனாக்களைத் தலையும் வாலும் வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்ததில் எட்டுப் பீரங்கி. ஃபிலிம் ரோல் டப்பாக்கள் ஆறு பீப்பாய். அம்மாவின் பிளாஸ்டிக் வளையலுக்குள் ஐஸ்கிரீம் குச்சிகளை ஆரக்கால்களாக வைத்ததில் சுக்கான் சக்கரம். சதுரங்கக் காய்களில் யானை, நங்கூர உருளை. பழைய கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளை வெல்டிங் கடையில் வளைத்து இரண்டு நங்கூரம். சோப்பு டப்பாவின் அடிப்பாகம் ஒன்று, மூடி ஒன்று, ஆக இரண்டு படகு. முளைகளுக்குத்தான் திணறினேன். தலை உருண்டு உடம்பு ஒல்லியான நாற்பது குச்சிக்கு எங்கே போவது? சமையலறையில் லவங்க டப்பா திறந்திருந்தது. கர்த்தரே எனக்காக லவங்கத்தைப் படைத்தார் என்று தோன்றியது.

பிறகு நூல். பீரங்கிக்குப் பன்னிரண்டு சுற்று, நங்கூரத்துக்குப் பத்து, படகுக்குப் பதினாறு. நாற்பது லவங்கத்தையும் ஒவ்வொன்றாக ஊக்கு முனையில் பிடித்து மூன்று மூன்று சுற்று. தும்மினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்தேன்.

“பிரியாணிக்கு வச்சிருந்த லவங்கம் எங்கடா போச்சு?” என்றாள் அம்மா.

“கப்பலுக்கும்மா.”

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டை இருக்கும் டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

திருவிழா அன்று காலை, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, லில்லியும் நானும் சாமான் பெட்டியோடு ஹாலுக்குள் நுழைந்தோம். அருளப்பனுக்கு ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான். ஒரு கண்ணில் பச்சைத் துணி. மற்றதில் புரை. “மாப்ள பாத்துப்பாரு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே அங்கே கொண்டுவந்து வைத்திருந்த கப்பலின் பெட்ஷீட்டை விலக்கினேன். மூன்று வாரத்தில் கப்பல் சுருங்கியிருந்தது.

முதல் பீரங்கியை வைத்தேன். தளத்தின் பாதியைத் தாண்டியது. எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன. எட்டில் மூன்றுதான் இடம் பிடித்தன. மீதி ஐந்தையும் கப்பலுக்கு வெளியே மேஜைமேல், ரேஷன் கடை வரிசை மாதிரி நிறுத்தினோம். சுக்கான் சக்கரத்தை நட்டால், கப்பலின் அளவுக்கு ஒரு மாலுமியைச் செய்திருந்தால் அவன் ஏணி போட்டுத்தான் பிடித்திருக்க வேண்டும். ஆறு பீப்பாயும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் டிரம்களாக நின்றன. படகில் கப்பலையே ஏற்றிக்கொண்டு போகலாம்போல இருந்தது.

“சின்னதா தெரியுதே” என்றாள் லில்லி.

“எது?”

“கப்பல்.”

லவங்கம் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. நாற்பதையும் ஓரமாக வரிசையாய் ஒட்டினோம். கடைசியில் நங்கூரங்களை முன்பக்கம் தொங்கவிட்டேன். கப்பல் மூக்கைக் கீழே குத்தி, தீர்த்தம் குடிக்கக் குனிவதுபோல் குனிந்தது. பின்பக்கத்துக்குக் கீழே ஏற்கனவே முட்டாக வைத்திருந்த கோயில் பாட்டுப் புத்தகத்தை உருவி முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துப் பெட்ஷீட்டைப் போர்த்துவதற்குள் பூசை முடிந்து ஊரே உள்ளே வந்துவிட்டது.

பங்குச்சாமியார் அருளப்பனின் திறமையைப் பற்றிப் பேசினார். இந்தக் கப்பலில் வரப்போகும் மாப்பிள்ளையின் கைவண்ணமும் இருக்கிறது, அவரும் கப்பல் துறைதான் என்றார். கைதட்டினார்கள். பெட்ஷீட்டை இழுத்தார்.

கைதட்டல் நின்றது. ஹால் முழுக்கச் சந்தன சோப்பு வாசனை பரவியது. முன்வரிசையில் இருந்த பிலோமினா ஆன்ட்டி, மாதா சபையின் தலைவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்தார். சிவப்பு நூல் சுற்றிய நாற்பது லவங்கத்தையும் ஒரு பார்வை பார்த்தார். நூல் சுற்றிய யானையைப் பார்த்தார். நூல் சுற்றிய இரும்பைப் பார்த்தார்.

“சேசுவே! செய்வினை!”

ஹால் இரண்டாகப் பிளந்து சுவரோரம் ஒதுங்கியது. குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். “யாரோ கட்டு கட்டியிருக்காங்க”, “லவங்கத்துல வச்சா ரொம்ப உக்கிரம்பா”, “ஆய்த்து, அருளப்பன் கண்ணு அதுலதான் போயிருக்கு” என்று ஆளாளுக்குப் பேசினார்கள். சாமியார் செம்பை எடுத்து, வழக்கமாக மூன்று முறை தெளிக்கிற தீர்த்தத்தை ஏழெட்டு முறை வீசினார். அதில் பாட்டுப் புத்தகம் ஊறி வழுக்கியது. கப்பல் மூக்கு நழுவி மேஜை விளிம்புக்குப் பாய்ந்தது. நான் சக்கரத்தைப் பிடித்தேன்; அது கையோடு வந்துவிட்டது. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தியவர், ஒரு கண்ணும் சரியாகத் தெரியாத அருளப்பன்தான்.

அவர் கப்பலை மெதுவாக நிமிர்த்திவைத்துவிட்டு, தளத்தை விரலால் தடவினார்.

“இது என்னாது?”

“பீரங்கி, மாமா.”

“பன்னெண்டு நூல் போட்டிருந்தேனே?”

“பன்னெண்டுதான் மாமா. எண்ணிப் பாருங்க.”

அவர் விரல் நூல்மேல் ஒவ்வொரு சுற்றாக நகர்ந்தது. பன்னிரண்டில் நின்றது. பிறகு ஒரு லவங்கத்தைத் தொட்டு எண்ணினார். மூன்று. அடுத்தது. மூன்று. அவர் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு தெளிவு வந்தது. மடித்த நாற்காலி ஒன்றை யாரோ விரித்துப் போட, அதில் உட்கார்ந்தார்.

“நூல்னா அளவு, மாப்ள. ஒரு இஞ்சில எட்டுல ஒரு பங்கு. ஆசாரி, கொத்தனார், கம்பி கட்டறவன், யாரைக் கேட்டாலும் சொல்லுவான். கப்பல்ல உங்களுக்கு எப்படிச் சொல்லுவாங்க?”

இனி ஆட்டுவதற்குத் தலையில் பலம் இல்லை.

“தெரியாது, மாமா” என்றேன். “நான் வெறும் ஷிப்பிங் கிளார்க். அட்டைப்பெட்டி மேல அட்ரஸ் அடிக்கிறவன். கப்பலையே பாத்ததில்ல. இதுதான் முதல் கப்பல். மன்னிச்சுக்குங்க.”

ஹாலின் மூலையில் என் அத்தை சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள். லில்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சிரிப்பு.

அருளப்பன் கப்பலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். நாலு வருஷக் கப்பல். ஊர் முன்னால் அவமானம். எழுந்து வெளியே போகச் சொன்னால் போயிருப்பேன்.

“கிளார்க்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா லிஸ்ட்டை இஞ்சில எழுதியிருப்பேனேப்பா” என்றார்.

அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கண் ஆபரேஷன் ஆனவர் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பச்சைத் துணியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். சாமியார் சிரித்தார். சுவரோரம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பிலோமினா ஆன்ட்டி மட்டும் கடைசிவரை நம்பவில்லை. நாற்பது லவங்கத்தையும் பிடுங்கி, செபம் சொல்லி, கோயில் தோட்டத்தில் எரித்த பிறகுதான் அவருக்கு டீ இறங்கியது.

நிச்சயதார்த்தம் நடக்குமா என்று அம்மாவும் நானும் ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தோம். பிறகு லில்லியின் அம்மா சம்மதம் சொல்லி ஆள் அனுப்பினார். “சொன்னதைச் சொன்னபடி, நாப்பதுலயும் ஒண்ணு தப்பாம சுத்தியிருக்காரு. இப்படிச் சொல் கேக்கற மாப்பிள்ளை நமக்கு எங்க கிடைக்கும்? விட்டுடாதீங்க” என்று கணவரிடம் சொன்னாராம்.

ஜனவரியில் கல்யாணம். ரிசப்ஷனில் கேக் வெட்டியதும் மாமனார் மைக்கைப் பிடித்தார். மற்ற கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகி, இரண்டும் இப்போது நன்றாகத் தெரிந்தன. “புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு நூல் சந்துகூட விழக் கூடாது” என்று வாழ்த்தினார். எல்லாரும் உருகிக் கைதட்டினார்கள். அவர் என் பக்கம் குனிந்து, மைக்கை அணைக்காமல், “தையல் நூல் இல்ல மாப்ள” என்றார்.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்தில் ஃபோட்டோ எடுத்தாலும், ஃபோட்டோகிராபர் “கொஞ்சம் கிட்ட வாங்க” என்பார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “எத்தனை நூல்?” என்று கேட்கும். முதலில் மச்சான் கேட்டான், பிறகு அவன் பிள்ளைகள், போன மாதம் ஒரு ஞானஸ்நானத்தில் என் மகளே கேட்டாள். அந்த நொடியில்தான் பிளாஷ் அடிக்கும். எங்கள் வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். இருபது முப்பது பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருத்தன் மட்டும் திரும்பிப் பின்வரிசையை முறைத்துக்கொண்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து என் முகம் நேராக விழுந்த குடும்பப் படம் ஒன்றுகூட இல்லை.