ஒரே ஒரு டயலாக் கேட்ட பாடி அண்ணே

கிள்ளான் வட்டாரத்தில் பாடி அண்ணே அளவுக்கு அழகாகச் சாகத் தெரிந்த மனிதர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உள்ளூர்த் தமிழ்ப் படமோ டிவி நாடகமோ, கதையில் ஒரு சாவு வீடு வந்தால் பெட்டிக்குள் படுத்திருப்பது அவராகத்தான் இருக்கும். பெற்றோர் வைத்த பெயர் ஐசி அடையாள அட்டையில் எங்கேயாவது இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பாடி அண்ணே. போன் போட்டால், "பாடி பேசுறேன்" என்றுதான் அவரும் எடுப்பார்.

நான் அப்போது ஓர் அறிமுக இயக்குநரிடம் உதவியாளராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். படம் ஒரு மாதிரியான படம். அப்பா செத்துப்போகிறார், எந்தப் பிள்ளை முதலில் அழ வேண்டும் என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை வந்து, பிணத்தை எடுக்க நேரமாகியும் எடுக்க முடியவில்லை. "விழுந்து விழுந்து சிரிக்கணும். ஆனா வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்கு போன் போடணும். அதான் படம்" என்பார் டைரக்டர். அவர் அப்பாவுக்கு அவர் போன் போட்டு நான் பார்த்ததில்லை.

பாடி அண்ணே காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முதல் கேள்வியே வில்லங்கம்.

"நான் எதுல செத்தேன்?"

"அதெல்லாம் கதையில இல்லண்ணே."

"அது எப்படி தங்கச்சி? ஹார்ட் அட்டாக்னா ஒரு முகம், சுகர்னா ஒரு முகம். தூக்கத்துல போனேன்னா லேசா சிரிச்ச மாதிரி வெச்சுக்கணும். சொல்லிடுங்க, நான் ரெடி பண்ணணும்."

தூக்கத்தில் என்று முடிவானது. அன்றிலிருந்து அவர் சிரித்த மாதிரியே திரிந்தார். ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து பருப்பைத் தொடமாட்டார். வயிறு பேசினால் தொழில் கெட்டுவிடுமாம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். ஒருமுறை டீ பிரேக்கில் நெற்றி நிறைய விபூதி, மூக்கில் பஞ்சு சகிதமாகப் பக்கத்து மாமாக் டீக்கடைக்குப் போய், "தே தாரேக் ஒண்ணு, சீனி கொறச்சலா" என்று கேட்டுவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த கடைப்பையன் முகத்தைப் பார்க்காமலே கலக்கிக் கொடுத்தான். "போயிட்டு வாங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, "ஐயோ, வர வேணாம், அப்படியே போயிடுங்கண்ணே" என்று கும்பிட்டானாம்.

இவ்வளவு திறமை இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. திரையில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அது வெறும் ஆசை இல்லை. அவருக்கு ஒரே தம்பி, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தம்பி மகளுக்குக் கல்யாணம் நடந்த வாரம் பார்த்து, டிவியில் பாடி அண்ணே செத்த நாடகம் ஓடியிருக்கிறது. மண்டப வாசலில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க, மாப்பிள்ளை வீட்டு ஆன்டி ஒருவர் அலறிவிட்டார். "நேத்துதான லா இவர எடுத்தாங்க!" சகுனம், அது இதென்று சலசலப்பு. தம்பி வந்து, "அண்ணே, நீ போய் பின்னால உட்காரு" என்றிருக்கிறார். இவர் கோபித்துக்கொண்டு கிளம்ப, தம்பியும் விடவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுற படம் வந்தா சொல்லு. அன்னைக்கு வந்து பேசுறேன்."

அதோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

இதைக் கேட்டு டைரக்டர் மனசு இளகி, அவருக்கு ஒரு பிளாஷ்பேக் எழுதினார். அப்பா உயிரோடு இருக்கும் காட்சி. ஒரே ஒரு டயலாக். "கதவைச் சாத்துங்க, கொசு வருது."

அதன் பிறகு எங்களுக்கு நிம்மதி போயிற்று. கோபமாக, பாசமாக, பாதித் தூக்கத்தில் என்று அந்த வரியை அவர் சொல்லிப் பார்க்காத இடமில்லை. கொமுட்டர் ரயிலில் சொல்லி, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார். கீழே வாழை இலைக் கடையில் சொன்னபோது சர்வர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "பார்த்தீங்களா தங்கச்சி, எஃபெக்ட்!" என்றார் அண்ணே.

கடைசி நாள். கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு எடுத்து, வாசலில் டெண்டு போட்டு, நாற்காலி அடுக்கி, பாடி அண்ணேயின் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருந்தோம். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று கேமராவை ஜன்னலுக்கு உள்ளே மறைத்து வைத்தார் டைரக்டர். அது கொஞ்சம் அதிகமாகவே தத்ரூபமாகிவிட்டது. எதிர்வீட்டு ஆன்டி, "எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான்கு பேர் அவருக்குப் பின்னால் வந்தார்கள். ஷூட்டிங் என்று நான் சொல்வதற்குள் போட்டோவைப் படம் பிடித்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று வீட்டு விலாசத்தோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று.

மத்தியானம் வானம் இருட்டியது. வீட்டுக்காரரோ ஐந்து மணிக்குச் சாவி வேண்டும் என்கிறார். டைரக்டர் பெட்டியருகே வந்தார்.

"அண்ணே, பிளாஷ்பேக் எடுக்க நேரமில்ல. சாவு சீன் மட்டும்தான். சாரிண்ணே."

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. டெண்டுத் துணியைப் பார்த்தபடி மூக்குப் பஞ்சைச் சரிசெய்துகொண்டார். "சரி லா, பாடிக்கு என்ன கோவம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேமரா ஓட ஆரம்பித்தது. ஒரே நீள ஷாட். அப்போது தொழிற்சாலைச் சட்டையும் தலையில் ஹெல்மெட்டுமாக ஒருவர் டெண்டுக்குள் ஓடிவந்து பெட்டியின்மேல் விழுந்தார்.

"யாரு லா இந்த ஆளு? சூப்பரா பண்றாரு!" என்று என் காதில் கிசுகிசுத்தார் டைரக்டர்.

நான் யாரையும் ஏற்பாடு செய்யவில்லையே! அந்த மூக்கைப் பார்த்ததும்தான் புரிந்தது. பெட்டிக்குள் இருந்த அதே மூக்கு, பஞ்சு இல்லாமல். வாட்ஸ்அப் இரங்கல் தெலுக் பங்லிமா காராங் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அண்ணே! பின்னால போய் உட்காருன்னு சொன்னேனே, பாவி நான்! உன் படம் ஒண்ணு விடாம பார்த்தேன்ணே. பெட்டிய காட்டுனதும் டிவிய அடைச்சிடுவேன். உன்னை அப்படிப் பார்க்க முடியாம அடைச்சிடுவேன். ஒரு வார்த்தை பேசுண்ணே. ஒரே ஒரு வார்த்தை பேசு!"

எதிர்வீட்டு ஆன்டி தேம்பிக்கொண்டிருந்தார். பாடி அண்ணே அசையவில்லை. ஷாட் ஓடும்போது அசைந்ததே இல்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. கண்ணோரத்திலிருந்து மட்டும் ஓர் ஈரக் கோடு இறங்கிக் காதுக்குள் போனது. பிறகு, கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்.

"அழாதடா. பிரஷர் ஏறிடும்."

தம்பி தடாலென்று உட்கார்ந்தார். எதிர்வீட்டு ஆன்டி செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அடுத்த நிமிடம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தம்பி துரத்த, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்குப் பஞ்சோடு பாடி அண்ணே டெண்டைச் சுற்றி ஓட, "கட் சொல்லாதீங்க, யாரும் கட் சொல்லாதீங்க!" என்று டைரக்டர் கத்தினார். இரண்டாவது சுற்றில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. தம்பி வந்து பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. மழை கொட்ட ஆரம்பித்தும் அவர்கள் விலகவில்லை.

அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. கிள்ளான் தியேட்டரில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெட்டியைக் காட்டியபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "பாருடா, இப்பதான் பேசப் போறேன்" என்று அண்ணன் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "பிரஷர் ஏறிடும்" வந்ததும் தியேட்டரே சிரித்தது; அவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த டைரக்டர் படம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "அப்பா" என்பது மட்டும் காதில் விழுந்தது.

எனக்குத்தான் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. கிள்ளான் பக்கம் எந்த வாசலில் டெண்டைப் பார்த்தாலும் காரை ஓரங்கட்டி இறங்கி, மாலை போட்ட போட்டோவைப் பார்க்காமல் போகமுடிவதில்லை. பார்த்த பிறகும் மனசு கேட்காது. ஒரு போன் போட்டுவிடுவேன். அவருக்கும் இது தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் 'பாடி பேசுறேன்' என்று எடுப்பதில்லை.

"இருக்கேன் லா, தங்கச்சி" என்கிறார்.

அந்த ஒரு டயலாக் எனக்குப் போதும்.