தேவாங்கப் பில்லி பார்த்த படலம்

கல்யாண ஆசை வந்தவனுக்குக் காது சரியாகக் கேட்காது. எனக்குக் கேட்கவில்லை.

சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா, சென்னைக்கா என்று எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். புத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்த நான், தெலுங்கு பேசுவதில்லை என்று சபதம் செய்திருந்தேன். (மற்றவர்கள் பேசினால் பாதி புரியும். மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன்.) நாங்கள் நெசவு செய்யும் தேவாங்கர் குடும்பம். நைனா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான், திருப்பதி மலையடிவாரத்தில் காட்டு உயிர்களை ஆராய்ந்து பாதுகாக்கும் நிலையம் ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். அறிவியல் டீச்சர் சரோஜாவும் வந்திருந்தார். அவருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு.

எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிய நிலையத்து அதிகாரி கடைசியில், "மா தக்கர தேவாங்க பில்லி உந்தி, சூஸ்தாரா?" என்றார்.

'எங்களிடம் தேவாங்கர் பெண் ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?' என்று என் காதில் விழுந்தது. தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

"கொணம் எப்டி?" என்றேன், தரையைப் பார்த்தபடி.

எனக்காக அவர் தமிழுக்கு மாறினார். "ரொம்பக் கூச்சம் சார். ஆளப் பாத்தா மூஞ்ச மூடிக்கும்."

('மூடிக்கும்' என்றது உறுத்தவில்லை. தெலுங்கில் பெண்களையும் அஃறிணைபோல அப்படித்தான் சொல்வார்கள்.)

"ஒடம்பு?"

"சன்னம்தான். கண்ணு மட்டும் இவ்ளோ பெருசு."



"சாப்பாடு?"

"எதுவானாலும் பச்சையாவே துன்னும். பகலெல்லாம் தூங்கிகினு இருக்கும். ராத்திரிலதான் நடமாட்டம்."

சற்று யோசித்தேன். அவ்வளவு பெரிய கண்ணை விட மனம் வரவில்லை. "பரவால்ல சார். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும். நைனாவ இட்டுகினு வந்து பேசறேன்."

அதிகாரி சரோஜா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அதிகாரி பக்கத்துக் கூண்டின் மேலிருந்த சாக்கை விலக்கினார். உள்ளே, குச்சியைக் கட்டிக்கொண்டு ஒரு தேவாங்கு. என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நானும் மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சரோஜா டீச்சர் சொன்னார்: "பில்லன்னா பொண்ணு, பில்லின்னா பூனை. தேவாங்குக்குத் தெலுங்குல தேவாங்கப் பில்லின்னுதான் பேரு. ஆனா ஒண்ணு சார், அவுரு எவ்ளோ கொறை சொல்லியும் நீங்க வேணான்னு சொல்லலியே. நல்ல மனசு."

எல்லைத் தகராறு ஓய்ந்தபோது புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதற்குள் சரோஜா எனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்து, என் கையால் தாலியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மகள்களைப் பெண் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டாருக்கும், காபி கொடுக்கும் முன்பு இந்தக் கதையை நடித்தே காட்டினாள். ஒரு வீட்டார் மட்டும் சிரிக்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு. காபியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.