நாலு மணிக்குள் ஓட வேண்டிய இன்ஜின்

வேலுச்சாமி கைப்பிடியை மறுபடியும் மாட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றினான். பெரிய இரும்புச் சக்கரம் முனகிக்கொண்டே நாலைந்து சுற்று வந்தது. வேகம் பிடித்ததும் மேலே இருந்த லீவரைத் தட்டிவிட்டான். இன்ஜின் கிழவன் மாதிரி ஒரு தடவை ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. அத்தோடு நின்றுவிட்டது.

“சனியனே” என்றான். திட்டுகிற தெம்பும் குறைந்துபோயிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பாதி மாவில் நின்ற இன்ஜின் அது. இன்று ஞாயிறு.

தாராவியில் அவனுடைய சந்துக்கு மோட்டார் ஓட்டுகிற கரண்ட் இன்னும் வரவில்லை. அதனால் வேலுச்சாமியின் மாவு மில் டீசல் இன்ஜினை நம்பியே இருந்தது. ஏதோ உடைத்துப்போட்ட படகிலிருந்து கழற்றியது என்று சொல்லி விற்றார்கள். எந்த ஊர்ச் சரக்கு என்று பார்க்கலாம் என்றால், பெயர்த் தகடு எப்போதோ தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. வாங்கியபோதே அதற்கு அவனைவிட வயது அதிகம்.

“ஏலே வேலு! நாலு மணிக்கு வாராவ லே!”

வாசலில் அக்கா பேராச்சி நின்றாள். செம்பூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்ததில் அவளுக்கும் ‘புஸ் புஸ்’ என்றுதான் மூச்சு வந்தது.

“யாரு வாராவ?”

“மான்குர்த் ஆறுமுகநயினாரு. பொஞ்சாதி, பொண்ணு எல்லாரும். நாம பொண்ணு கேட்டும் மூணு மாசமா வாயே தொறக்காத மனுசன், நேத்து ஆள் விட்டுச் சொல்லியிருக்காரு, மாப்பிள்ளையையும் எடத்தையும் பாக்க வாரோம்னு. எல்லாம் நான் வேண்டிக்கிட்டதுதான்.”

வேலுச்சாமியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது. வலி உடனே தெரியவில்லை.

“தங்கமயிலும் வருதா?”

“பின்னே, பொண்ணு இல்லாமலா?”

காட்கோபரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளைப் பார்த்திருக்கிறான். வாளியும் கையுமாக வந்து, “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் முப்பத்தாறு வயது வரை யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம், தலையில் படிந்த மாவைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு வயசு கூடுதலா இருக்கும்போல” என்று காபியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“இங்க பாரு” என்றாள் பேராச்சி. “அவிய தெருவுக்குள்ள காலெடுத்து வைக்கையிலேயே இன்ஜின் சத்தம் கேக்கணும். ஓடாத மில்லுக்காரனுக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்? நான் மேல போயி பஜ்ஜிக்கு மாவு கரைக்கேன். நீ இதை ஓட்டு.”

மில்லுக்கு மேலேயே பலகை போட்ட ஒற்றை அறை, பம்பாய்ப் பேச்சில் ஒரு கோலி. அதுதான் வேலுச்சாமியின் வீடு. அக்கா ஏணியில் ஏறிப்போனாள். வேலுச்சாமி இன்ஜினைப் பார்த்துக் கும்பிட்டான்.

குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று தோன்றியது. டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தினான். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும் நட்டை இறுக்கினான். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்று நினைத்தான். இறுக்கினான். நட்டின் மரை வழுக்கிவிட்டது.

இப்போது டீசல் தரையெல்லாம் ஓடியது. துணி துவைக்கிற சோப்பைப் பிசைந்து அப்பி, கோவணத் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினான். ஒழுகல் சொட்டாகக் குறைந்தது. கைப்பிடியை மாட்டிச் சுற்றினான்.

புஸ்.

பதினோரு மணிக்கு ட்ரெயின் பிடித்துக் குர்லாவுக்கு ஓடினான். அங்கே லாரி பட்டறை வைத்திருந்த ஷாகுல் ஹமீது அவனுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி வேகிற நேரம். பாய் வர மனசில்லாமல்தான் கிளம்பினார்.

“இன்ஜினுக்கு நோய் ஒண்ணும் இல்ல வேலு. வயசு” என்றார், சக்கரத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு. “உள்ள ரிங்கு தேஞ்சுபோச்சு. காத்தை அமுக்கினாத்தான் சூடு வரும். சூடு வந்தாத்தான் டீசல் பத்தும். இது அமுக்க மாட்டேங்குது.”

“நாலு மணிக்குள்ள ஓடணும் பாய். ஓடலேன்னா எனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் கிடையாது.”

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். பிரியாணியை மறந்துவிட்டு, ஆயில் டப்பாவை எடுத்தார். காற்று இழுக்கிற வாய்வழியாக ஒரே ஒரு மூடி ஆயிலை உள்ளே விட்டார். “தேஞ்ச இடத்தை இது கொஞ்சம் அடைக்கும். இப்பச் சுத்து.”

வேலுச்சாமி சுற்றினான். ‘டப்’ என்று ஒரு வெடி! கூரை வழியாகப் போன குழாயில் கறுப்பாக ஒரு வளையம் புகை வந்தது. மூன்று நாளில் முதல் வெடி. உடனே அடங்கிவிட்டாலும், வேலுச்சாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஆசாமி உயிரோடதான் இருக்கான்” என்றார் பாய். “இரு, தொழுதுட்டு, சாப்பிட்டுட்டு வாரேன். நீ ஒண்ணையும் தொடாதே.”

பாய் தெருமுனை திரும்பும்வரை வேலுச்சாமி எதையும் தொடவில்லை. பிறகு யோசித்தான். ஒரு மூடி ஆயிலுக்கு ஒரு வெடி என்றால், அரை டப்பாவுக்கு எத்தனை வெடி? அரை டப்பாவை உள்ளே கவிழ்த்தான். அடியில் இருக்கிற ஆயில் தொட்டியும் குறைந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், மீதியை அதில் விளிம்புவரை ஊற்றினான். பிறகு கைப்பிடியை மாட்டி, தங்கமயிலை மனதில் நினைத்து, ஒரு சுற்றுச் சுற்றினான்.

இன்ஜின் வெடித்தது, ஆனால் திசை மாறி. சக்கரம் பின்பக்கமாக உதைத்தது. கைப்பிடி அவன் முழங்கையில் ஒரு அடி போட்டுவிட்டு, பறந்துபோய்த் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே போனது. வெளியே எங்கோ ஒரு நாய் கத்தியது.

“என்னலே சத்தம்? ஓடிருச்சா?” என்று மேலிருந்து பேராச்சி கேட்டாள்.

“ஓடிருச்சு அக்கா. கைப்பிடி.”

திரும்பி வந்த ஷாகுல் ஹமீது கூரையில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். வீங்கிப்போன முழங்கையைப் பார்த்தார். காலி ஆயில் டப்பாவைப் பார்க்கவில்லை; அதை வேலுச்சாமி சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தான்.

“ஒண்ணும் ஊத்தலையே?”

“கொஞ்சம்” என்றான் வேலுச்சாமி.

மணி இரண்டே முக்கால். கைப்பிடி நாலாவது வீட்டுக் கூரையில் கிடைத்தது, ஆனால் வில் மாதிரி வளைந்திருந்தது. இனி சக்கரத்தில் கயிறு சுற்றி இழுப்பதுதான் வழி என்றார் பாய். அதற்கு முன்னால் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி, காற்று இழுக்கிற வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார்.

“பக்கத்துலதான் பிடிக்கணும். ஆடக்கூடாது.”

வேலுச்சாமிக்குக் கை வீங்கியிருந்தது. ஆடியது. தீ, தொங்கிக்கொண்டிருந்த சாக்குத் திரையில் ஒரு நாக்கு நீட்டியது. சாக்கில் வருஷக்கணக்கான மாவு. ‘குப்’ என்று எழும்பிய சுவாலை அவனுடைய இடது புருவத்தை எடுத்துக்கொண்டு போனது.

“அய்யோ, தீ!”

ஏணியிலிருந்து பாதி இறங்கிய பேராச்சி, கையில் எது இருக்கிறது என்று பார்க்கிற நிலையில் இல்லை. வீசினாள். தீ அணைந்தது. பஜ்ஜி மாவு முழுவதும் வேலுச்சாமியின் தலையிலிருந்து வழிந்தது.

வேலுச்சாமி டீசல் ஓடிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெண் வீட்டார் வருகிறார்களென்று கட்டியிருந்த புது வேஷ்டி ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் இருந்தது.

“அக்கா, வர வேண்டாம்னு சொல்லிரு” என்றான். குரல் உடைந்திருந்தது. “எனக்கு விதிச்சது இவ்வளவுதான். இந்தச் சனியன்கூடவே கெடந்து நான் செத்துப்போறேன். எனக்கு ரசம் ஊத்த யாரும் வேண்டாம்.”

ரசம் எங்கிருந்து வந்தது என்று பேராச்சிக்குப் புரியவில்லை. ஆனால் தம்பி அழுவதை அவள் பார்த்ததில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். கரியும் மாவும் கலந்து இன்னும் மோசமாயிற்று.

“எந்திரிலே. உங்கக்கா இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். “ஏ, ஆம்பளைங்களா! வீட்டுக்குள்ள படுத்துக்கிட்டு என்ன பண்ணுதிய? என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு கை குடுங்க!”

ஞாயிற்றுக்கிழமை. தோல் பட்டறைக்காரர்களும் ரயில்வே கூலிகளும் வீட்டில்தான் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, நுனியைச் சந்துக்குள் நீட்டி, வரிசையாகப் பிடித்தார்கள். தேர் இழுக்கிற உற்சாகம்.

முதல் இழுப்பில் கயிறு நழுவி, பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சாக்கடையில் உட்கார்ந்தார்கள். எழுந்து, உதறிக்கொண்டு, மறுபடி பிடித்தார்கள். மணி நாலாக ஐந்து நிமிஷம். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற செல்லப்பாண்டி குரல் கொடுத்தார்:

“ஏ பேராச்சி! ஆளுக வந்துட்டாவ! நம்ம கடையிலதான் டீ குடிக்காவ! இப்பக் கூட்டிட்டு வாரேன்!”

“இழுங்கலே!” என்று அலறினாள் பேராச்சி.

இழுத்தார்கள். சக்கரம் சுழன்றது. பாய் லீவரைத் தட்டினார்.

டப். டப். டப்… டப்டப்டப்டப்!

“சாலு ஹோ கயா! ஓடிருச்சு!” என்று சந்தே கத்தியது. வேலுச்சாமி இன்ஜினைக் கட்டிப்பிடிக்கப் போனான். பாய் அவனைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. வழக்கமான சத்தமே தெருவை நடுங்க வைக்கும். இது அதைப் போல் மூன்று மடங்கு. தகரக் கூரைகள் ஆடின. அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன. பாய் பாய்ந்து டீசல் குழாயை அடைத்தார். இன்ஜின் இன்னும் வேகமாக ஓடியது.

“எவ்வளவு ஆயில்டா ஊத்துனே?” என்று அவன் காதில் கத்தினார். “டீசல் வேண்டாம்னுட்டு ஆயிலைக் குடிச்சிட்டு ஓடுது! இனி இதை நிறுத்த முடியாது!”

வேலுச்சாமியின் காதில் கடைசி மூன்று வார்த்தைகள் மட்டும்தான் விழுந்தன. அவை அவனுக்கு ஆசீர்வாதம் மாதிரி இருந்தன. ஏனென்றால், அந்தக் கறுப்புப் புகைக்கு நடுவே, வாசலில் ஆறுமுகநயினாரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கமயில்.

ஒரு புருவத்தோடும் தலை நிறையப் பஜ்ஜி மாவோடும் வேலுச்சாமி கைகூப்பினான். தங்கமயில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. புகை என்று நினைத்தான்.

ஆறுமுகநயினார் இன்ஜினைக் காட்டி வாயை அசைத்தார். ஏதோ கேட்கிறார். இன்ஜினைப் பற்றித்தான் இருக்கும். தேர்ந்த வியாபாரிபோல வேலுச்சாமி மார்பை நிமிர்த்தி, தொண்டை கிழியக் கத்தினான்:

“ஆமா! நல்லா ஓடும்! இனி நிக்கவே நிக்காது!”

ஆறுமுகநயினார் மகளைத் திரும்பிப் பார்த்தார். தங்கமயில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். வேலுச்சாமியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மூன்று பேரும் வந்த வழியே நடந்தார்கள். பேராச்சி பின்னாலேயே ஓடினாள். வேலுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடைசியில் பாய்தான் ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்று இழுக்கிற வாயில் திணித்து, அதன்மேல் தன் முழு எடையோடு உட்கார்ந்தார். இன்ஜின் திணறியது, குலுங்கியது, நின்றது. சந்தில் அப்படி ஒரு அமைதி. எங்கோ ஒரு தட்டு மட்டும் சுழன்று சுழன்று அடங்கியது.

செல்லப்பாண்டி ஆறு கிளாஸ் டீயைத் தட்டில் ஏந்தியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லா கிளாஸிலும் கரி மிதந்தது.

“போனாப் போறாவ அண்ணாச்சி” என்றான் வேலுச்சாமி, ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு. “என் மூஞ்சியப் பாத்துப் பயந்திருப்பாவ. ஆனா அவிய வந்த நேரத்துக்கு இன்ஜின் ஓடிருச்சுல்லா? அந்த மட்டுக்கு மானம் தப்பிச்சு.”

செல்லப்பாண்டி தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“வேலு, நீ வருத்தப்படாதே. அந்தாளு இப்ப என் கடையிலதான் சொல்லிட்டு இருந்தாரு. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனா அந்தச் சத்தத்துக்கு மேல குடியிருக்க முடியாதுன்னு பொண்ணு மூணு மாசமா அழுதுக்கிட்டு இருந்துச்சாம். இன்ஜின் செத்துப்போச்சுன்னு நேத்துக் கேள்விப்பட்டுத்தான், சம்மதம்னு சொல்ல வந்தாவளாம்.”