மயங்கி விழும் பயிற்சி

பல் டாக்டர்கள் எல்லோரும் தைரியசாலிகள் என்று ஊர் நம்புகிறது. ஊசியைப் பிடித்திருப்பவனுக்குத் தைரியத்துக்கு என்ன குறைச்சல்? என் தைரியத்தின் அளவு எனக்குத் தெரிந்தது முப்பத்து நான்காவது வயதில்தான். அன்றைக்கே ஊருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் வருத்தம்.

பல் கிளினிக்குகளில் அவசர சிகிச்சை பற்றி சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் ஒருநாள் வகுப்பு நடந்தது. சேர்ந்து பயிற்சி எடுத்தால் ஊழியர்களிடையே ஒற்றுமை வளரும் என்றார்கள். (மதியம் பிரியாணி. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அரைத்தூக்கத்தில் கேட்டது.) மறுநாளே திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் கிளினிக்கைப் படையாக மாற்றக் கிளம்பிவிட்டேன். படையில் இரண்டே பேர்: உதவியாளர் செல்வி அக்கா, ரிசப்ஷன் கவிதா.

மயங்கிக் கிடக்க ஒரு ஆள் வேண்டுமே! "நான் படுக்க மாட்டேன் சார், வெக்கமா இருக்கு" என்றார் அக்கா. கவிதா ரிசப்ஷனுக்கு ஓடிவிட்டாள். ஆகவே படைத்தலைவனே நோயாளியானேன். தினமும் காலையில் நான் மயங்குவேன். அக்கா என் கால்களைத் தூக்கி வைத்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டுவார். கவிதா 108-க்கு போன் செய்வதுபோல் நடிப்பாள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "லேட்டு, லேட்டு" என்று குறை சொல்வேன். நடுநடுவே, "விடுங்க, போதும்" என்று வேண்டுமென்றே உளறுவேன். "நோயாளி என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க, உங்க வேலையப் பாருங்க" என்பது என் கட்டளை. மூன்றே வாரத்தில் இருவரும் பிரமாதமாகத் தேறிவிட்டார்கள்.

அப்போதுதான் பரங்கிப்பேட்டை பாய் வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர், ஆறடி உயரம். கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும். ஊசியைப் பார்த்தவர், "யா அல்லாஹ்" என்றார். முகம் வெளுத்து, தலை தொங்கிவிட்டது.

பொத்தானை அழுத்தி நாற்காலியைச் சாய்த்தேன். அதோடு சரி. இந்த மனுஷன் என் கையில் போய்ச் சேர்ந்துவிட்டால்? நிஜமாகவே பயந்துபோனேன். அப்படியே தரையில் சரிந்தேன்.

"கவிதா, சார் வுழுந்துட்டாரு! போனப் போடு!"

அடுத்த நொடி என் கால்கள் ஸ்டூல்மேல், மாஸ்க் முகத்தில்.

"என்ன வுடுங்க! அவரப் பாருங்க!" என்று கத்தினேன்.

"உளற ஆரம்பிச்சுட்டாருக்கா" என்றாள் கவிதா.

"காதுல போட்டுக்காத. நீ காலப் புடி" என்றார் அக்கா.

அப்படியொரு ஒற்றுமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சாய்ந்த நாற்காலியில் பாய்க்குத் தானாகவே தெளிந்தது. (அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். அதை ஒருவரும் பார்க்கவில்லை.) எழுந்து உட்கார்ந்தவர் கீழே எட்டிப் பார்த்தார்.

"டாக்டருக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியல பாய், காலைல நல்லாத்தான் இருந்தாரு" என்றார் அக்கா.

108 வந்தபோது என்னோடு ஏறிக்கொண்டவரும் பாய்தான். "தைரியமா இரு தம்பி, நான் இருக்கேன்ல" என்று ஆஸ்பத்திரி வரை கையை விடவில்லை. தன் பல்லை மட்டும் வேறு டாக்டரிடம் எடுத்துக்கொண்டார்.

போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். நர்ஸ் ஊசியை எடுத்தார். மகள் அழாமல் கையை நீட்டினாள். என் மனைவிதான் குறுக்கிட்டாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர், மொதல்ல இவர ஒக்கார வச்சுடறேன்."