உங்க மகளைக் கூட்டிட்டுப் போங்க, மச்சான்

லிந்துலை,
சனிக்கிழமை காலை.

பூண்டுலோயாவில் வசிக்கும் பெருமதிப்புக்குரிய மூத்த மச்சான் செல்லசாமி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் தங்கச்சி ஜெயலெட்சுமியின் கணவன் வீரபத்திரன் பணிவோடு தெரியப்படுத்துவது. முருகன் கிருபையால் நானும் உங்கள் தங்கச்சியும் மிளகாய் மில்லும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் கோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் கடிதம். கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். எனக்கு வலது கையில் சின்னச் சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதுகிறது.

விஷயம் இவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து வந்து உங்கள் மகள் தனுஷிகாவைக் கூட்டிட்டுப் போயிருங்க. மில்லுல சரிவராட்டி கல்யாணந்தான்னு சொல்லித்தானே புள்ளைய அனுப்பினீங்க, அந்தப் பேச்சை இப்பவே எடுத்துருங்க. எனக்கு அதுல ஒரு ஆட்சேபனையும் இல்ல.

ஏ.எல். பரீட்சை எழுதிட்டு சும்மா இருக்கு, உங்க மில்லுல வச்சு நாலு பழக்கம் பழக்குங்கன்னு நீங்க கேட்டப்ப நான் மறுபேச்சுப் பேசல. அட்டன்ல பள்ளிக்கூடம் முடிச்ச புள்ளைங்களுக்கு வேலைக்குப் போறது எப்படின்னு ஒரு பயிற்சி வச்சாங்க, அதுக்கும் போய் வந்திருக்குன்னு பெருமையா சொன்னீங்க. நல்லதுதானே, தராசு பிடிக்க, வர்றவங்களுக்கு வாங்க போங்கன்னு சொல்லக் கத்துக் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். மொத நாளே வந்து நின்னு, “நியமனக் கடிதம் எப்ப தருவீங்க மாமா”ன்னு கேட்டுச்சு. மாமான்னு கூப்பிடுற வாய்க்குக் கடிதம் எதுக்குடீன்னேன். “வீட்லதான் நீங்க மாமா, கடையில முதலாளி”ன்னு சொல்லிட்டு, அது பாட்டுக்குக் கூட்டுமாத்தை எடுத்துக்கிட்டுக் கடையக் கூட்டப் போயிருச்சு.

அதுக்குப் பிறகு ஒன்னு மாத்தி ஒன்னு. நம்ம மூட்டை தூக்குற மதுரன் இருக்கான்ல, பாரமான மூட்டைய ஒத்த ஆள் தூக்கினா இடுப்பு போயிரும், ரெண்டு பேர் தூக்கணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருச்சு. ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போறது, கடையில இருக்கிற ரெண்டாவது ஆம்பளை நான்தான். இப்ப முதலாளியும் வேலைக்காரனும் ஆளுக்கொரு முனை புடிச்சுக்கிட்டு மல்லி மூட்டை தூக்குறத பஜாரே நின்னு பாக்குது. பத்தாததுக்குத் தூள் மூக்குல போகக் கூடாதுன்னு எல்லாருக்கும் மூஞ்சி மூடி. எங்க அப்பா காலத்துல இருந்து தும்மிக்கிட்டேதான் மச்சான் மில்லு நடக்குது. தும்மல் சத்தம் கேட்டாத்தான் தோட்டத்துச் சனம் மில்லு திறந்திருக்குன்னு வரும். மூடி மாட்டின அன்னிக்கு நம்ம அம்மாக்கண்ணு மிளகாய் அரைக்க வந்துச்சு. என்னைய யாரோ புது ஆளுன்னு நெனச்சு, “தம்பி, உங்க முதலாளி தூளுல தவிடு கலக்குறாரு, பாத்து அரைச்சுக் குடுங்க”ன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்லுது. மூடிய கழட்டவும் முடியல, கேட்டுக்கிட்டு நிக்கவும் முடியல. தலைய ஆட்டிட்டு நல்லா அரைச்சுக் குடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்குள்ளயும் இந்த வியாதி வந்திருச்சு. உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை சமையல்கட்டுக்கு லீவுன்னு சொல்லிட்டா. பயிற்சிக்குப் போனது ஒருத்தி, உரிமை கேக்குறது ரெண்டு பேரு.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். மெசின் விஷயத்துலதான் மனசு விட்டுப்போச்சு. பெல்ட்டு சுத்துற எடத்துக்கு ஒரு கம்பி வலைக் கூண்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கும். சக்கரத்துக்குச் சந்தனம் பொட்டு வைக்க எடைஞ்சலா இருக்குன்னு ஒரு ஆயுத பூசைக்குக் கழட்டினோம். அப்படியே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாலை போடவும் வசதியாப் போச்சு. நீங்க வந்தப்ப, சும்மாதானே கெடக்குன்னு கோழிக்கூட்டுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. உங்க மக அந்தக் கூண்டு திரும்ப வரணும்ங்குது. அது வர்ற வரைக்கும் இடுப்புல தொங்கத் தொங்கச் சாரம் கட்டிக்கிட்டு மெசின்கிட்ட வராதீங்க, காலோட ஒட்டி நிக்கிற களிசான் போடுங்கன்னு எனக்கே உத்தரவு. எங்க அப்பா சாரத்தோடதான் இந்த மில்லை ஓட்டினாரு. பூசை போடுற மெசின் வீட்டு ஆளைக் கடிக்குமாடீன்னு கேட்டேன். “மெசினுக்கு வீட்டு ஆளு, வெளி ஆளு தெரியாது மாமா”ன்னுச்சு. நான் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன அன்னிக்குக் கரண்டு வேலை செய்யிற பாஸைக் கூட்டியாந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் பூட்டி வச்சிருக்கு. அமத்தினா மில்லு அந்த இடத்துலயே நின்னுருமாம். கோவம் வந்தாலும், வந்த சாமானுக்கு மரியாதை செய்யணும்னு அதுக்கும் ஒரு பொட்டு வச்சேன்.

அந்த மரியாதைக்குக் கெடைச்ச பலனைக் கேளுங்க. நேத்து வெள்ளிக்கிழமை, தீவாளி நெருக்கம், கடை நெறைய ஆளு. மில்லு மும்முரமா ஓடிக்கிட்டிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்க மக பொத்தானை அமத்தி நிப்பாட்டிருச்சு. அத்தனை சனத்துக்கு முன்னாடி எனக்கு ஏற்பட்ட அவமானம் சொல்லி முடியாது. என்னா அவமானம்னு கேக்காதீங்க. அதுக்கு மேல அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் கல்லாவுல ஒக்கார முடியாது. வந்து கூட்டிட்டுப் போங்க.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் குடும்பத்துக்கும் கோழிகளுக்கும் ஒரு குறையும் வராமல் மாரியம்மன் காத்தருள்வாளாக.

இப்படிக்கு,
மனம் நொந்த
வீரபத்திரன்

பி.கு.: மச்சான், இதையெல்லாம், இந்தப் பி.கு.வையும் சேத்து, எழுதுறது தனுஷிகாதான். ஜெயலெட்சுமி எழுத மாட்டேன்னுட்டா. கல்யாணப் பேச்சுல மட்டும் பேனா கொஞ்சம் நின்னுச்சு, மத்தபடி ஒரு வார்த்தை விடாம எழுதியிருக்கு. உன்னப் பத்தித்தானே சொல்றேன், கோவம் வரலையான்னு கேட்டேன். “முறைப்பாடு பண்ண உங்களுக்கும் உரிமை இருக்கு மாமா”ன்னுச்சு. அதுக்கு மேல மறைக்க மனசு வரல, நடந்ததையும் சொல்லிடுறேன். நேத்து மெசின்ல போட்ட மாலை நழுவி விழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன். சாரம் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. மானம் போகுதேன்னு கையால இழுத்துப் புடிச்சேன், அது கையையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போச்சு. சக்கரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது புள்ள பாய்ஞ்சு பொத்தானை அமத்துச்சு. சாரம் மெசினோட போச்சு, கை என்னோட இருக்கு. மதுரன் காலி கோதுமை மாச் சாக்கை எடுத்து என் இடுப்புல சுத்தினான். அம்மாக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு, “இன்னிக்கும் முதலாளிய அடையாளம் தெரியலன்னே வச்சுக்கிறேன்”னுச்சு. புள்ள இங்கயே இருக்கட்டும், கல்யாணப் பேச்சை எடுக்காதீங்க. நியமனக் கடிதம் திங்கக்கிழமை குடுக்கிறேன், அதையும் அதுதான் எழுதணும். நீங்க வேனை மட்டும் அனுப்பாம இருந்துறாதீங்க, அதுல அந்தக் கோழிக்கூடு வரணும். உங்க பழைய களிசான் ஒன்னு இருந்தா உள்ள வச்சு விடுங்க. கோழிங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிட்டு வெளியேத்துங்க, இல்லாட்டி உங்க மக கேள்வி கேக்கும்.