அப்பாவின் காதும் அம்மாவின் நெல்லும்

இந்த வீட்டில் தன் காதுக்கு இனிமையாக ஒரே ஒரு குரலாவது கேட்டே ஆகவேண்டும் என்று அப்பா ஒரு வெள்ளிக்கிழமை காலை தீர்மானம் போட்டார். அம்மா பேசி முடித்த மறு நிமிஷம் போட்ட தீர்மானம். அதனால் அதில் கொஞ்சம் உள்நோக்கம் உண்டு.

அப்பா பெயர் இளையபெருமாள். ஒரத்தநாடு பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். அதோடு ஹாம் ரேடியோக்காரர். அதாவது, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, முன்பின் பார்க்காத ஆட்களிடம் "நான் பேசுறது கேக்குதா?" என்று கேட்பவர். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அதனால் ஆகாய மார்க்கமாகக் கேட்கிறார்.

அவருடைய டிரான்ஸீவர் நல்ல பெட்டிதான். ஸ்பீக்கர் மட்டும் பெட்டியின் உச்சந்தலையில், கூரையைப் பார்த்தபடி இருக்கும்.

"இதுல வர்ற குரல் பல்லிக்குத்தான் போய்ச் சேருது."

"பல்லியாவது நீங்க சொல்றதக் கேக்கட்டும்," என்றாள் அம்மா.

அப்பா வேறொரு ஸ்பீக்கர் வாங்கி வந்து தனியாக மாட்டினார். அதற்கு ஒரு கூடு வேண்டியிருந்தது.

"என்னங்க, என் இட்லிக் குண்டான் எங்க?"

"ஸ்பீக்கரை உள்ள வச்சிருக்கேன். குரல் கனமா வரும்."

"நாளைக்கு இட்லி?"

"நாளைக்கு தோசை."

அன்று பேசிய கொச்சிக்காரர் ஒருவர் ஆவியில் வெந்துகொண்டே பேசினார். நான் அதே குரலில் "இறக்கி வைங்கோ, நான் வெந்துட்டேன்" என்று சொல்லிக் காட்டினேன். அம்மா சிரித்தாள். அப்பா குண்டானைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் ஹெட்போன் வந்தது. கூடவே பாடமும் வந்தது.

"வால்யூமைத் திருகுறவன் கத்துக்குட்டி, மதி. கெயினைக் குறைக்கணும். ஃபில்டரைச் சுருக்கணும். இரைச்சல் அப்படியே பின்னால போயிடும், நமக்கு வேண்டிய குரல் மட்டும் முன்னால வந்து நிக்கும்."

"ஏங்க, உங்க அக்கா போன் பண்றப்ப இந்த ஃபில்டரைக் கொஞ்சம் எனக்குத் தருவீங்களா?"

இவ்வளவு பாடும் ஷஹ்பாஸுக்காக. அதிராம்பட்டினத்துக்காரர், அப்பாவோடு சேர்ந்து ரேடியோ பழகியவர். வேலைக்காக லட்சத்தீவு போய்விட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நைட் லேம்ப் எரிக்கக்கூடப் போதாத மின்சாரத்தில் பேசுவாராம். அதைக் கேட்டுவிட்டால் அப்பாவுக்கு ஜன்மம் கடைத்தேறும்.

அம்மாவுக்கு வேறு கவலை. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியாயிற்று. எடை போட முறை வருகிறவரை குவியலுக்கு யாராவது காவல் இருக்கவேண்டும். மாடு வாய் வைக்கும். பனி இறங்கும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் முறை போய்விடும். மறுபடி கடைசியிலிருந்து காத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் நீங்க போய் உக்காருங்களேன்."

"நாளைக்கா? நாளைக்கு ஷஹ்பாஸ், பிரகதி!"

"நெல்லு?"

"நெல்லு என்ன, நடந்தா போயிடும்?"

"சரிங்க," என்றாள் அம்மா.

அம்மா வாயிலிருந்து "சரிங்க" வருவதும் நாகப்பட்டினம் துறைமுகத்தில் பத்தாம் எண் புயல் கூண்டு ஏற்றுவதும் ஒன்று. அப்பாவுக்கு இது தெரியாது. ஹெட்போன் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலமே ரேடியோவில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஆயிரம் வண்டு சேர்ந்து சகஸ்ரநாமம் சொல்கிற மாதிரி, "ங்ர்ர்ர்ர்". கெயினைக் குறைத்தார். வண்டு குறையவில்லை. ஃபில்டரைச் சுருக்கினார். வண்டு உடம்பைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

சனிக்கிழமை காலை ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். மெயினையே இறக்கிவிட்டு பேட்டரியில் ரேடியோவைப் போட்டார். "ங்ர்ர்ர்ர்".

"நம்ம வீட்டுல இல்ல. ஊர்லயே ஏதோ கோளாறு," என்று தீர்ப்பு சொன்னார்.

கோளாறு, சமையலறை அலமாரியில், சாக்குக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மலிவு எமர்ஜென்சி லைட். "இது ஒண்ணு போதும், ரேடியோ நாசம். இனிமே இது வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று போன வருஷம் அப்பாவே மாட்டுக் கொட்டகைக்கு நாடு கடத்தியது. அம்மா அதை ஞாபகம் வைத்திருந்தாள். ஆன்டெனா ஒயர் இறங்குகிற சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னவள் அவள். சார்ஜ் ஏற்றி வைத்தவள் நான்.

"அப்பா, வீட்டை விட்டுத் தள்ளிப் போய்ப் பார்த்தா என்ன?" என்றேன், அக்கறையாக.

மொபெட்டில் ரேடியோ, பேட்டரி, ஒயர், நான். தெருமுனையில் பார்த்தோம். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. வாய்க்கால் மதகில் பார்த்தோம். பம்ப்செட் உறுமியது. கொள்முதல் நிலையத்தின் பின்கோடியில், எங்கள் குவியலுக்குப் பக்கத்திலிருந்த பூவரச மரத்தில் ஒயரை வீசினோம். அமைதி. அப்பா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, குவியலைப் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வந்திருந்த அம்மா முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரகதி, உன் இடுப்ப நெனச்சேன். மனசு கேக்கல. நெல்லுக்கு நானே போய் உக்காந்துடறேன்."

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு ரேடியோ இருக்கு."

"பொழுதுபோக்குக்கு அதையும் எடுத்துட்டுப் போறேன். அது பெரிசில்ல. நெல்லுதான் பெரிசு."

"வெயில்ல உங்களுக்குத் தலைவலி வருமே."

"வரட்டும்!"

அம்மா ரொம்ப நேரம் யோசித்து, மனசே இல்லாமல் அனுமதி கொடுத்தாள். வாசலில் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல பாத்தியா?"

"தெரியலப்பா," என்றேன்.

குவியலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டார். ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். நல்ல ஒலிக்குக் கண்ணை மூடவேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

நானும் அம்மாவும் காபியோடு போனபோது அஞ்சு அடிக்கப் போகிறது. அப்பா இருந்த இடத்தில் இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தி. அதே நேரத்தில் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இளையபெருமாள்! எடைக்கு இளையபெருமாள் இருக்காரா?"

அப்பா அசையவில்லை.

"ஆள் இல்லியா? அடுத்தாளக் கூப்பிடுப்பா!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் குரலை எடுத்துக்கொண்டேன். "இருக்கேன் சார்! தார்ப்பாய எடுக்கிறேன் சார்!"

ஆட்கள் வந்தார்கள். தூற்றினார்கள், மூட்டை பிடித்தார்கள், எடை போட்டார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மூட்டை நாற்காலியில் இடித்தது. அப்பா கண்ணைத் திறக்காமல் "ஸாரி" சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். குவியல் இருந்த இடம் மளமளவென்று காலியாயிற்று. அப்பாவை எழுப்பப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தெரு தங்கையன் டிராக்டரோடு இடம் தேடி வந்துகொண்டிருந்தார். அம்மா கையைக் காட்டினாள். அதே இடத்தில் நெல் கொட்டியது. எங்கள் தார்ப்பாயே அதையும் மூடியது. அம்மாவும் தங்கையனும் ஏதோ பேசி முடித்தார்கள். அம்மா காபியை நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெகுநேரம் கழித்து அப்பா ஹெட்போனைக் கழற்றினார்.

"மதி! ஷஹ்பாஸ்! பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி! மூச்சு விடுறது கூடக் கேட்டுச்சு!" திரும்பிப் பார்த்தார். குவியல் இருந்தது. "நெல்லும் பத்திரம். ஒரு மணி உதிரல. இதுக்குப் பேருதான் காவல்."

"ரொம்ப நன்றிங்க வாத்தியாரே," என்றார் தங்கையன்.

"என் நெல்லைக் காக்கிறதுக்கு நீங்க ஏன்யா நன்றி சொல்றீங்க?"

"உங்க நெல்லு அப்பவே எடை போட்டு லாரி ஏறிடுச்சு. இது எங்களுதுங்க. உங்க வீட்டு அக்கா பேசிட்டாங்க. நாலு நாளைக்கு நீங்க இங்க காவல்; அதுக்கு மாத்தா, உங்க வயல்ல உளுந்து பிடுங்க எங்க வீட்டுல ரெண்டு ஆள் வருவாங்க."

அப்பா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தன்மானத்தோடு கேட்டார். "யோவ், என் நெல்லு போனதே எனக்குக் கேக்கலையே. என்னை நம்பி எப்படிய்யா விடுறீங்க?"

"அட, மாட்டுக்கு அது தெரியவா போவுது? உங்க காது எங்களுக்கு வேண்டாம் வாத்தியாரே, உருவம் போதும்."