இல்லாத சுகர் குணமான கதை

உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவனுக்குத்தான் உடம்பைப் பற்றிய கவலை அதிகம். எனக்கு அது முப்பது வயதில், ஒரு வீடியோவைப் பார்த்து வந்தது. சர்க்கரை வியாதி இல்லாதவர்களும் கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு, எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று போனில் பார்க்க வேண்டுமாம். (சொன்னவர் டாக்டர் இல்லை. வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை வைத்திருந்தார். எனக்கு அது போதும்.)

ஆரணியில் ஆன்லைனில் பட்டுப்புடவை விற்றுக்கொண்டிருந்த நான் ஒரு சென்சாரை வரவழைத்துக் கையில் ஒட்டிக்கொண்டேன். அம்மா வைத்த இட்லியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அந்தக் கோலத்தில்தான் போளூருக்குப் பெண் பார்க்கப் போனேன். சர்ச்சே கதியென்று கிடக்கும் குடும்பம். பெண் எஸ்தர், பள்ளி ஆசிரியை. பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கேசரியை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். பெரியவர்கள் நிச்சயத்துக்கு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது, சர்க்கரை ஏறிவிட்டதென்று சட்டைப்பையில் போன் அலறியது. பதறி எடுத்ததில் அரைக்கைச் சட்டை விலகி, சென்சார் எல்லாருக்கும் தரிசனம் தந்தது.

"சுகருங்களா தம்பி?" என்றார் எஸ்தரின் அப்பா.

"இல்லைங்க. சும்மா பாத்துகினு இருக்கேன்."

"எனக்கு ரொம்ப வருசமா சுகரு. நானே இன்னும் விரல்ல குத்திகினுதான் கெடக்கேன். ஒண்ணுமில்லாதவங்க யாருங்க இத்த ஒட்டுவாங்க?"

சாப்பிட்டால் யாருக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும் என்று விளக்கினேன். விளக்க விளக்க நோய் முற்றியது. "எங்கிட்டகூட சொல்லலியேடா" என்று என் அம்மாவே கண்ணைத் துடைத்தார்.

எஸ்தரின் அம்மா எழுந்துவந்து என் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். இல்லாத நோய்க்காக உருகி அழுதார். நடுவில் போன் மறுபடி கூவியது. அவர் குரலை உயர்த்தினார்.

ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னார் எஸ்தரின் அப்பா. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த ரிப்போர்ட்டோடு ஓடினேன்.

"ஆண்டவர் சொகம் குடுத்துட்டாரு" என்றார் எஸ்தரின் அம்மா.

"எனக்கு முன்னாடியும் இல்லைங்க அத்தை."

"அப்புறம் எதுக்குத் தம்பி அத்த மாட்டிகினு திரிஞ்சீங்க?"

உண்மையான பதிலைச் சொல்லியிருந்தால் அடுத்து மூளைக்கு ஒரு பரிசோதனை கேட்டிருப்பார்கள். கதவோரம் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க அத்தை. சொகமாயிடுச்சு" என்றேன். கல்யாணம் நடந்தது.

ஆண்டுதோறும் சர்ச்சில் அத்தை இதைச் சாட்சியாகச் சொல்கிறார். சொல்லச் சொல்ல எனக்குச் சுகர் ஏறிக்கொண்டே போகிறது. இப்போதெல்லாம் அவர் சொல்லும் கதையில், பெண் பார்த்த அந்தக் கூடத்திலேயே நான் மயங்கி விழுகிறேன். அந்த இடம் வந்ததும் எஸ்தர் முழங்கையால் இடிப்பாள்.

"மயக்கம் வந்துடுச்சுங்க. எழுந்து நில்லுங்க."

நான் எழுந்து நிற்பேன். சபை கைதட்டும்.